கடல் காட்டும் வினைக்கணக்கு



தேவரும் அசுரரும் அமுதம் வேண்டிப் பாற்கடலைக் கடைந்தபோது, முதலில் வந்தது ஆலகால நஞ்சு. உலகைக் காக்க எம்பெருமான் அதனை உண்டு, கண்டத்தில் அடக்கித் திருநீலகண்டரானார். சிறுவயது முதல் நாம் கேட்டுவரும் இக்கதையின் பொருளை நம் நாட்டுக் கடலே நமக்கு உணர்த்திவிட்டது.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக் கடலில் நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அவற்றுள் அடக்கம். அமிலம் கசிவது முன்னரே தெரிந்திருந்தது. கசிந்த கொள்கலனை இறக்க இரண்டு துறைமுகங்களில் இடம் கிடைக்கவில்லை. கசிவுடனேயே பயணம் தொடர்ந்தது. ஜூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது.

மூழ்கியதோடு முடிந்ததா? இல்லை. பருப்பளவான அந்த மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. ஆமைகளும் டொல்பின்களும் செத்துக் கரைசேர்ந்தன. மீனவர் வீடுகளில் அடுப்பெரியவில்லை. ஆண்டுகள் கழிந்த பின்னும் மணலைச் சலித்தால் மணிகள் கிடைத்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுக்கலாம். மணிகளை எண்ணிப் பொறுக்க யாரால் முடியும்?

வினையும் இப்படித்தான். சஞ்சிதமாய்க் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. பிராரத்தமாய் ஒருநாள் வாசலுக்கு வருகிறது. கசிவு சிறிதாக இருக்கும்போதே அடைப்பவன் தப்புகிறான்.

“கடல் எங்கோ, நம் றொசல்ல எங்கோ” என எண்ண வேண்டாம். மலைநாட்டில் பெய்யும் மழை களனியாகிக் கொழும்புக் கடலையும், மகாவலியாகித் திருகோணமலைக் கடலையும் சேர்கிறது. கடந்த திருவிழா அன்னதானத்தின் பின் லன்ச் சீட்டுகளைக் கோயிலுக்குக் கீழேயுள்ள கானில் கொட்டினார்கள். தர்மகர்த்தாவாகிய நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரவு பெய்த மழையில் யாவும் மறைந்தன. மறுநாள் “கான் சுத்தமாகிவிட்டது” என்று மகிழ்ந்தேன். அது என் பிழை. அம்பாள் சந்நிதியிலேயே அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆலகாலத்தை ஐயன் உண்டார். நாம் கொட்டும் நஞ்சை யார் உண்பது? ஆகவே இவ்வாண்டு அன்னதானம் வாழையிலையில் நடைபெறும். ஒவ்வொரு லயத்திலிருந்தும் இருவர் துப்புரவுக்கு வந்துதவ வேண்டுகிறேன். முதல் ஆளாக நான் வருகிறேன்.

அனைவருக்கும் அம்பாள் திருவருள் கிட்டுவதாக!

திருச்சிற்றம்பலம்.