சிநேகிதமும் சாட்சியமும்

துப்பறியும் நாவல் என்றால் நம்மில் பலருக்கு ஒரே ஒரு கேள்விதான்: கொலை செய்தது யார்? கடைசி அத்தியாயத்தில் விடை கிடைத்துவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அண்மையில் நான் படித்த ஒரு நாவல் என்னை அப்படிப் போகவிடவில்லை. கொலையாளி யார் என்பது தெரிந்த பிறகும் வேறொரு கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. என் சிநேகிதன் குற்றவாளியாக இருக்கலாம் என்று நாலு பேர் சொல்லும்போது, நான் அவனை நம்புவதா, சாட்சியத்தை நம்புவதா?

நாவலின் பெயர் 'எ ஸ்டடி இன் சார்லட்'. அமெரிக்க எழுத்தாளர் பிரிட்டனி கவலாரோ இளம் வாசகர்களுக்காக எழுதி, 2016-ல் வெளிவந்தது. பெயரைக் கேட்டதுமே விஷயம் தெரிந்தவர்கள் புன்னகை செய்வார்கள். ஆர்தர் கானன் டாயில் 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய கதையின் பெயர் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' அல்லவா? ஹோம்ஸும் வாட்ஸனும் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்கள் வம்சத்தில் வந்த ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கிறார் நாவலாசிரியை. பெண் சார்லட் ஹோம்ஸ். பையன் ஜேமி வாட்ஸன். கதையைச் சொல்கிறவன் பையன்தான். வாட்ஸன் குடும்பத்துக்கு அதுதானே பரம்பரைத் தொழில்!

பள்ளியில் ஒரு மாணவன் கொலையுண்டு கிடக்கிறான். சார்லட்டுக்கும் ஜேமிக்கும் அவன்மேல் கோபம் கொள்ள நியாயமான காரணம் இருந்தது. போதாக்குறைக்கு, பழைய ஹோம்ஸ் கதை ஒன்றை நினைவூட்டும்படி யாரோ கொலையை ஜோடித்திருக்கிறார்கள். சந்தேகம் இருவர் மேலும் விழுகிறது. பிறகு நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுப்பது பாவம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய டாக்டர் வாட்ஸனுக்கு இந்தச் சங்கடம் வந்ததே இல்லை. கொலைகாரன் யாராக இருந்தாலும் ஹோம்ஸாக இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். அந்த நிச்சயத்தின் மேல்தான் அவருடைய விசுவாசம் நின்றது. ஜேமிக்கு அந்த நிச்சயம் இல்லை. அவனுடைய சிநேகிதி போதைப் பழக்கம் உள்ளவள். தன் கடந்தகாலத்தை மறைத்து வைப்பவள். அறிமுகமாகிச் சில நாட்களே ஆன அவளை அவன் எதைக்கொண்டு நம்புவது?

பழைய கதைகளிலும் இந்த நம்பிக்கை ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. 1903-ல் வந்த ஒரு கதையில், இறந்துவிட்டதாக மூன்று ஆண்டுகள் நம்பவைத்த ஹோம்ஸ் திடீரென்று வந்து நிற்கிறார். வாட்ஸன் மூர்ச்சையாகி விழுகிறார். உயிரோடிருப்பது அண்ணன் மைக்ராஃப்டுக்குத் தெரியும். உயிர்த் தோழனுக்குத் தெரியாது. அன்பு மிகுதியால் வாட்ஸன் எதையாவது உளறிவிடுவார் என்று பயமாம்! 1913-ல் வந்த இன்னொரு கதையில், சாகக் கிடப்பதுபோல் நடித்து அதே தோழனைக் கலங்க வைக்கிறார். இரண்டு தடவையும் வாட்ஸன் மன்னித்துவிடுகிறார். படிக்கும்போது நமக்கும் அது பெருந்தன்மையாகத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சிநேகிதன் எத்தனை முறை ஏமாற்றலாம் என்ற கணக்கை யாரும் கேட்கவில்லை.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்தை முடிக்கும்போது, சோதிக்காமல் ஒருவனை நம்புவதையும், நம்பிவிட்ட பிறகு சந்தேகப்படுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டும் தீராத துன்பம் என்கிறார். அது அரசனுக்குச் சொன்ன புத்தி. அமைச்சனைச் சோதித்துப் பார்க்க அரசனுக்கு அவகாசம் உண்டு. சிநேகிதத்தில் அந்த வரிசை தலைகீழ். முதலில் நம்பிவிடுகிறோம், சோதனை பின்னால் வருகிறது. ஆகையால் சந்தேகமே கூடாது என்று மனத்தை அடைத்து வைப்பதால் பயன் இல்லை. வந்த சந்தேகத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நம் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் கணக்கில் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் ஒரு குமாஸ்தாவின் மேல் விழுகிறது. அவருக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர், "அவன் அப்படிப்பட்டவனே இல்லை" என்று எல்லோரிடமும் சண்டை போடுகிறார். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே, மறுநாள் முதல் அவரோடு காப்பி சாப்பிடப் போவதை நிறுத்திவிடுகிறார். இரண்டாமவர் கைவிட்டது நமக்குப் புரிகிறது. முதல்வரும் ஒருவிதத்தில் கைவிட்டவர்தான் என்கிறேன் நான். அந்தக் குமாஸ்தா நிஜமாகவே ஒரு பலவீன வேளையில் தவறியிருந்தால், "அப்படிப்பட்டவனே இல்லை" என்று முழங்குகிற நண்பரிடம் எப்படி வாய் திறப்பார்? கண்ணை மூடிக்கொண்ட விசுவாசத்துக்கு முன்னால் நிரபராதி மட்டுமே நிற்கலாம். குற்றம் செய்தவனுக்கு அங்கே இடமில்லை. அவனுக்குத்தானே சிநேகிதன் அதிகம் தேவை?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நேரே போய், "நீ செய்தாயா?" என்று கேட்பது. கேட்ட பிறகும், பதில் எதுவானாலும், எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது. பதில் பொய் என்று தெரிந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்வது. ஊராரிடம் விசாரிப்பதற்கு முன்னால் அவனிடம் விசாரிப்பது. இது எளிதல்ல. கேட்ட மாத்திரத்தில் சிநேகிதம் முறிந்தாலும் முறியலாம். ஆனால் கேட்காமல் காப்பாற்றிய சிநேகிதம் மேலே பூச்சாக நிற்குமே தவிர, உள்ளே என்ன மிஞ்சும்?

பழைய வாட்ஸனை எனக்குச் சிறு வயது முதல் பிடிக்கும். அவருடைய விசுவாசம் சுகமானது. படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் கதைகளைத் திருப்பிச் சொல்ல வந்த இந்த நாவல் அந்தச் சுகத்தைக் கொஞ்சம் கெடுத்துவிடுகிறது. பதினாறு வயதில் ஒருவரை நம்பத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அது நல்லதென்றே தோன்றுகிறது. யாரை நம்புவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம்மால் ஆகாது. நம்பியவரிடம் கேட்கக் கூசாதே என்று மட்டும் சொல்லலாம்.