தணிதல்

விடியல்

மார்கழி. பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம். காக்ஸ் டவுன் குளிர் ஜன்னல் இடுக்கில் நுழைந்து அம்மாவின் முழங்காலைத்தான் முதலில் தேடும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் நாலைந்து முறை நீட்டி மடக்குகிறாள். நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

இரும்பு வாணலியில் இரண்டு கைப்பிடி கல் உப்பு. அது படபடவென்று பொரியத் தொடங்கியதும் ஒரு கொத்து நொச்சி இலை. இலை வாடி மணம் ஏறியதும் பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் என் புறங்கையில் வைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவருகிறது. என் கைக்குச் சுட்டால் அவள் காலுக்கு ஆகாது.

ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் ஒத்தடம். அவசரப்பட்டால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

மார்க்கெட்

நொச்சி என்று கேட்டேன். “லக்கி சொப்பா?” என்றார் கீரைக்காரம்மா. பிரண்டைக்கு இங்கே மங்கரவள்ளி என்று பெயர். 1809-இல் பிரிட்டிஷார் இங்கே தண்டு என்கிற படைமுகாமை அமைத்தபோது, மதராஸ் பட்டாளத்தோடும் அதன் பின்னாலும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஊர் விட்டு வந்தவர்களுக்கு முன்பே இலைகள் இங்கே இருந்திருக்கின்றன, வேறு பெயரில்.

அடுப்படி

பிரண்டையை நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிபோல் குத்தி அரிக்கும். இளந்தண்டாகப் பார்த்து, கணுவை நீக்கி, நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் தொண்டை தப்பும்.

முடக்கத்தான் இப்படிப் படுத்தாது. ஊறின அரிசியோடு இலையை அரைத்து, மிளகு, சீரகம் சேர்த்துத் தோசை. முடக்கு அறுத்தான் என்பதே அந்தப் பெயர். அறுக்கிறதா என்று கேட்டேன். அம்மா தோசையைப் பிட்டபடி சொன்னாள்: “தீராது கண்ணு. தணியும்.”

அந்தச் சொல் நாள் முழுக்க என்னோடு இருந்தது.

வலி எங்கே?

முழங்காலில் தேய்ந்திருப்பது குருத்தெலும்பு. அதற்கு நரம்பே கிடையாது என்று படித்து வியந்தேன். தேய்வது ஒன்று, வலிப்பது இன்னொன்று: அதைச் சுற்றியுள்ள எலும்பு, சவ்வு, இறுகிப்போன தசை. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் வாசல் போல ஓர் ஏற்பாடு இருக்கிறது. தொடுகை போன்ற உணர்வுகள் அங்கே வந்து சேரும்போது வலியின் வழி குறுகுகிறது.

அப்படியானால் என் உப்பு முடிச்சு தேய்ந்ததை வளர்க்கப் போவதில்லை. இறுகியதைத் தளர்த்தும், வாசலைக் கொஞ்ச நேரம் சாத்தி வைக்கும். அம்மாவின் சொல் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

மஞ்சளும் மிளகும்

இதே ஊரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 1998-இல் வெளியானது. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் 2 கிராமோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலில் குர்குமின் சேர்வது 2000 சதவீதம் கூடியது. பாட்டிகள் மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டதை நினைத்து மனம் குளிர்ந்தது. ஆனால் ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த சத்து, அடுப்படி மஞ்சள் அல்ல. உடலில் சேர்வதும் வலி குறைவதும் ஒன்றல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் மாத்திரையைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

எல்லை

மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் கொதித்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்று ஒத்தடம் இல்லை, மருத்துவர்தான். காலை விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டி நாள்தோறும் நீடித்தாலும் அப்படியே. அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். காத்திருந்தால் மூட்டே கோணிப்போகும். இரண்டே நாளில் வலியை விரட்டும் பெயரில்லாப் பொட்டலப் பொடியையும் வாங்குவதில்லை. அந்த வேகத்துக்குப் பின்னால் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். இலை இத்தனை வேகமாக வேலை செய்யாது.

மருத்துவர் அம்மாவுக்குச் சொன்னது தொடைத் தசைக்கான பயிற்சியும் தினசரி நடையும். ஒத்தடம் கொடுத்த பிறகு அவள் நடக்கச் சம்மதிக்கிறாள். அதற்காகவேனும் அடுப்பு எரியட்டும்.

மறுபடி

கால் மணி நேரத்தில் முடிச்சு ஆறிவிடுகிறது. அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, கையை எடுத்து, வாசல்வரை போய் நிற்கிறாள். சாம்பல் நிறமாகிவிட்ட இலைகளைச் செடியடியில் போடுகிறேன். உப்பை மட்டும் டப்பாவில் திருப்பிக் கொட்டி மூடுகிறேன். நாளைக்கும் வேண்டும்.