சாது என்ற சான்றிதழ்

ஒரு பிராணியை 'சாது' என்று சொல்லும்போது அதன் குணத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்லிவிடவில்லை. அதனால் நமக்குத் தொந்தரவு இல்லை என்று சொல்கிறோம். துறவியைக் குறிக்கும் சொல்லே தமிழில் அடங்கிப்போகிறவனையும் குறிக்கிறது. எதிர்ப்பு இல்லாமையை நாம் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறோம் என்பதற்கு இது ஒரு தடயம்.

இந்தச் சொல்லை நான் யோசிப்பதற்கு ஸ்தூலமான காரணம் உண்டு. கவிதை எழுதும் நண்பர் ஒருவர், தெருவில் அடிபட்டுக் கிடந்த பெட்டை நாய் ஒன்றை எடுத்துவந்து நான்கு மாதமாக வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு கண்ணும் தெரியாது. இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகிற இடத்தில் நாய் வைத்துக்கொள்ள வழியில்லை. வீடு தேடி அவர் எழுதிய அறிவிப்பில் மூன்று வாக்கியங்கள்: கண் தெரியாது. மிகவும் சாது. யாரையும் கடிக்காது.

முதல் வாக்கியத்தால் வருகிற நஷ்டத்தை மற்ற இரண்டும் ஈடுகட்டுகின்றன. வங்கியில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்குப் பழக்கமானது. கவுண்டரில் ஏழை ஒருவன் குரலை உயர்த்தினால், இவனுக்கெல்லாம் எதற்குக் கடன் என்ற முணுமுணுப்பு உள்ளே எழும். வசதியுள்ளவன் கத்தினால் மேனேஜரே எழுந்து வருவார். பணிவு, இல்லாதவனிடம் மட்டும் வசூலிக்கப்படுகிற வட்டி.

நாய் என்றதும் நம்மவர்கள் மகாபாரதத்தின் கடைசியில் தருமனோடு மலையேறும் நாயை நினைப்பார்கள். அது தர்மதேவதை என்று தெரிந்துவிடுவதால் நாயைப் பற்றிய கேள்வி அங்கே கலைந்துபோகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே காவியத்தின் தொடக்கத்தில், பௌஷ்ய பர்வத்தில் வரும் குட்டி. ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த அதை அவன் தம்பிகள் அடித்துத் துரத்துகிறார்கள். அது தாய் சரமையிடம் போய் அழுகிறது. அவிசை நக்கவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை என்கிறது. சரமை வந்து நியாயம் கேட்கிறாள். பதில் இல்லை. காணாத பயம் உன்னை வந்தடையும் என்று ஜனமேஜயனைச் சபிக்கிறாள்.

சரமையின் கோபம் நியாயமானது. ஆனால் அவள் வாதத்துக்குள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. குட்டி அவிசை நக்கியிருந்தால் அந்த அடி சரியாகிவிடுமா? நண்பரின் 'யாரையும் கடிக்காது' என்பதும் இதே வாதம்தான். கடிக்காததற்காகக் கிடைக்கிற வீடு, கடித்த அன்று போய்விடும்.

கடிக்காது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. கண் தெரியாத நாய், வீட்டை மோப்பத்தாலும் காதாலும் பாதத்தில் படும் தரையாலும் மனப்பாடம் செய்துகொள்கிறது. தண்ணீர்க் கிண்ணமும் நாற்காலியும் இடம் மாறாதவரை அதன் நடையில் குறை தெரியாது. தூங்கும்போது சத்தமில்லாமல் ஒரு கை மேலே விழுந்தால், எவ்வளவு சாதுவான நாயும் திரும்பிக் கவ்வக்கூடும். சரமை அரசனுக்கு இட்ட சாபத்துக்குள் தினசரி வாழ்கிற பிராணி அது. அதன் அமைதியில் இயல்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது.

இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர். மதில் சுவரோடு சொந்த வீடு, வைத்தியச் செலவுக்கு வசதி, இரண்டு சிறு குழந்தைகள். குழந்தைகள் கருணையைக் கற்றுக்கொள்வார்கள் என்றார். இது அப்படியே கான்ட். 18ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்கு ஆற்றிய ஒழுக்கவியல் உரைகளில், உழைத்து ஓய்ந்த நாயைச் சுட்டுவிடும் எஜமானனை அவர் உதாரணம் காட்டுகிறார். நாய்க்குத் தீர்ப்புச் சொல்லும் திறன் இல்லை, எனவே நாய்க்கு அவன் கடமை தவறவில்லை. தன்னிடமுள்ள மனிதத்தன்மையைத்தான் சேதப்படுத்திக்கொள்கிறான் என்பது அவர் முடிவு. நாய் இங்கே கருணையின் பயிற்சிப் புத்தகம். புத்தகம் ஒருநாள் குழந்தையின் கையைக் கவ்வினால்?

மற்றவர் தையல் வேலை செய்யும் வயதான அம்மாள். வாடகைக்கு ஒற்றை அறை. திடீரென்று தொட்டால் கடிக்குமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். கடிக்கலாம் என்று நண்பர் தயங்கினார். "கடிக்கத்தானே தம்பி செய்யும், அதுக்குக் கண்ணா தெரியுது? கொரல் குடுத்துட்டுத் தொட்டாப் போச்சு" என்றார்.

நண்பர் முதல் வீட்டின் பக்கம் சாய்கிறார். அவர் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், அம்மாளுக்கு வயதாகிறது, மருந்துக்குப் பணம் வேண்டும். பணத்தை நாங்கள் சிலர் மாதாமாதம் பகிர்ந்துகொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. வெறிநாய்க்கடியால் மனிதர்கள் சாகிற நம் ஊர்களில் கடி என்பது வெறும் தத்துவமும் அல்ல. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய்கள் பற்றிய தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோது, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விலக்கியது. தெரு இப்படிப் பிரித்துத்தான் ஆகவேண்டும். முன்பின் அறியாதவர்கள் நடக்கிற இடம் அது. வீடும் அதே கணக்கில் பிரிக்குமானால், தெருவைவிட அதற்குக் கூரை ஒன்றுதான் கூடுதல்.

பொருத்தமான வீடு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இவ்வளவுதான்: நாய் ஒருநாள் உறுமலாம், கவ்வலாம், மறுநாள் காலை தண்ணீர்க் கிண்ணம் அதே இடத்தில் இருக்கவேண்டும். திடுக்கிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கண் உள்ளவர்களுடையது. ஆகவே நான் அந்த அம்மாளின் பக்கம். அறிவிப்பு மறுபடியும் போவதானால் மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'கூப்பிட்டுவிட்டுத் தொடவும்' என்று போடவேண்டும் என்பது என் யோசனை. குறைவான பேர்தான் வருவார்கள். அதில் நஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.