எளிதாய் ஊதுவதா, இனிதாய் ஒலிப்பதா?



கோவில் திருநாளில் சுரூபப் பவனிக்கு முன்னே பேண்டு வாத்தியம் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் கண்கள் டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் நோக்கும். அடியில் நின்று எல்லாவற்றையும் தாங்கும் கனத்த நாதத்தை எழுப்புகிறவனை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பித்தளை வாத்தியங்களில் மிகவும் தாழ்ந்த குரலுடைய டியூபாவின் கதி எங்கும் இதுவே. 1835-ம் ஆண்டில் பெர்லின் நகரில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். இந்த வாத்தியத்தை வாங்கப் போகும் ஒருவனுக்கு வரும் தர்மசங்கடத்தைப் பற்றியே இன்று சற்று சிந்திப்போம்.

ஓர் இளைஞன் கடையில் நிற்கிறான். கையிலுள்ள பணம் ஒரு டியூபாவுக்குத்தான் போதும். முன்னே இரண்டு இருக்கின்றன. ஒன்று ‘எஃப்’ சுருதி. அதன் குழல் நீளம் ஏறக்குறைய 12 அடி. மடியில் அடக்கமாய் உட்காருகிறது. கொஞ்சம் மூச்சே போதும். மேல் ஸ்தாயியில் நினைத்த ஸ்வரம் நினைத்த இடத்தில் விழுகிறது. மற்றொன்று ‘ஸி’ சுருதி. குழல் 16 அடி. மூச்சை வாரி விழுங்குகிறது. மேலே போகப் போக ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால், உதடு இம்மி பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் ஒலித்துவிடும். ஆனால் அதன் அடிநாதம் அறை முழுவதும் பரவி நெஞ்சுக்குள் இறங்குகிறது. அவன் அந்த நாதத்தில் மனதைப் பறிகொடுத்து விட்டான். எதை வாங்குவது?

இது கடைக்காரனுக்கும் அவனுக்கும் உள்ள பேச்சு, ஞான விஷயமல்ல என்பீர்களோ? பொறுங்கள். சுலபமானதையா, நேசிக்கிறதையா என்ற இந்தக் கேள்வியை நம்மில் ஒவ்வொருவரும் ஒரு நாள் சந்தித்தே தீர வேண்டும்.

ஒறுத்தலும் தபசும் கேட்டு வளர்ந்த நாம், “கடினமானதை எடு, அதிலேதான் பேறுபலன்” என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். இது முழு உண்மையன்று. புண்ணியத்தின் சாரம் கடினத்தில் அல்ல, நன்மையிலேயே இருக்கிறது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். கஷ்டம் என்ற ஒரே காரணத்தால் எந்தக் காரியமும் பரிசுத்தமாகி விடாது. கல்லைச் சுமந்துகொண்டு நடப்பவன், சும்மா நடப்பவனை விட மோட்சத்துக்குச் சமீபமாய் இருக்கிறான் என்று எவர் சொன்னார்?

தாவீதை நினைத்துப் பாருங்கள். சவுல் அரசன் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் அவனுக்கு அணிவித்தான். தாவீதோ, பழக்கமில்லாத இவற்றோடு நடக்க முடியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு, கைக்குப் பழகிய கவணை எடுத்துக்கொண்டான். இது சோம்பலா? இல்லை. ஆடு மேய்த்த நாட்களில் பெற்ற பழக்கமே கவணை அவனுக்கு எளிதாக்கியிருந்தது. ஆகையால் எளிமை இருவகைப்படும். உழைப்பின் கனியாகவும் உடலின் பொருத்தமாகவும் வருவது ஒன்று. உழைப்பைத் தட்டிக் கழிக்கத் தேடுவது மற்றொன்று. முன்னது சர்வேசுரன் தரும் கொடை. பின்னது தாலந்தைப் புதைத்து வைக்கும் குழி.

நேசமும் அப்படியே. நாதத்தை நேசிப்பது வேறு. அந்த நாதத்தை எழுப்புகிற தன்னையே நேசிப்பது வேறு. பெரிய இசைக்குழுவில் வயலின்கள் பல இருக்கும். ஒன்று தவறினால் மற்றவற்றில் மறைந்துவிடும். டியூபா பெரும்பாலும் ஒன்றுதான். அது தவறினால் ஒளிய இடமில்லை. அதன்மேல் நிற்கும் அனைவருமே ஆடிப்போவார்கள். எனக்குப் பிடித்த நாதம் என்று தாங்கமாட்டாத வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களை அந்தரத்தில் விடுகிறவன் இசையை நேசிக்கவில்லை. பிறர் சிநேகம் இல்லாத இடத்தில் ரசனையும் சுயநலமே.

இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1930-களின் முற்பகுதியில், ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்கென யார்க் கம்பெனியார் ஒரு பெரிய ‘ஸி’ டியூபாவைச் செய்தார்கள். அதை வாசிக்க வேண்டிய பிலிப் டொனாட்டெல்லியின் உடல்வாகுக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே தம் மாணவன் ஆர்னல்ட் ஜேக்கப்ஸுக்கு அதை விற்றுவிட்டார். ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிக்காகோ இசைக்குழுவில் டியூபா வாசித்தார். அவருடைய மூச்சுக் கொள்ளளவோ குறைவானது. ஆயினும் அந்த வாத்தியம் அவரிடத்தில் உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் கம்பெனிகள் அதைப் பார்த்து நகல்கள் செய்து விற்கலாயின.

வாசகரே, குருவுக்குப் பாரமானதே சீடனுக்கு வாழ்வாயிற்று. இருவரில் தவறியவர் எவர்? ஒருவருமில்லை. ஒருவர் தமக்கு ஏற்காததைக் கைவிட்டார். மற்றவர் தம் குறையையும் மீறித் தாம் நேசித்ததைத் தாங்கினார். இரண்டிற்கும் தாழ்ச்சி வேண்டும்.

ஜேக்கப்ஸ் தம் மாணவருக்கு இடைவிடாது போதித்தது ஒன்றுண்டு: விரலையும் உதட்டையும் எண்ணிக் குழம்பாதே, எழுப்ப வேண்டிய நாதத்தை முதலில் மனதில் கேள், மூச்சு அதன் பின்னே வரும் என்பதே அதன் கருத்து. இதிலே நம் இளைஞனுக்கு விடை கிடைக்கிறது. அவன் நாதத்தையே தேர்ந்துகொள்ளட்டும். ஏனெனில் நேசிக்கிற நாதம் அவனைத் தினமும் அப்பியாசத்துக்கு இழுக்கும். எளிமை மாத்திரம் எவரையும் விடியற்காலையில் எழுப்பியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அவன் உடல் அதைத் தாங்க வேண்டும், அவனோடு வாசிப்பவர்கள் அதனால் நஷ்டமடையக் கூடாது. இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டால், வெட்கப்படாமல் சிறியதை வாங்கட்டும். மனதில் கேட்ட நாதத்தை அதற்குள்ளும் கொண்டு போகலாம்.

உங்கள் காரியம் என்ன? குருமடமா, இல்லறமா, ஊரை விட்டுப் போகும் உத்தியோகமா, ஞாயிறு தோறும் சிறு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லும் வேலையா? இன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எளிதென்று எடுத்தது எனக்குப் பொருந்துவதாலா, உழைக்க மனமில்லாததாலா? நான் நேசிப்பது அந்தக் காரியத்தையா, அதைச் செய்கிற என்னையா? என் தேர்வின் பாரத்தை என் வீட்டாரில் எவர் சுமக்கிறார்?

சங்கீதத்தின் பாதுகாவலியாகிய அர்ச். செசிலியம்மாளின் திருநாள் நவம்பர் 22. அர்ச். பத்தாம் பத்திநாதர் பரிசுத்த சங்கீதத்தைப் பற்றிய தமது கட்டளையை 1903-ம் ஆண்டில் அதே நாளில்தான் பிறப்பித்தார். கலியாண வாத்தியங்கள் முழங்கிய வேளையில், இந்தக் கன்னிகை தன் இருதயத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினாள் என்று அவளது சரித்திரம் சொல்கிறது. வெளியே எந்த வாத்தியம் ஒலித்தாலும், உள்ளே பாட்டு முந்தியிருக்க வேண்டும். அது இருந்தால் 12 அடிக் குழலும் போதும். இல்லாவிட்டால் 16 அடிக் குழலும் வெறும் பித்தளையே.