கருந்திரியும் வேட்கையும்



விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையைச் சூழ்ந்த ஊர்களில் பட்டாசுத் தொழிலே பலருக்கு வாழ்வு. பட்டாசு கொளுத்துவதை இம்சையென விலக்கும் நாம், அத்தொழிலாளரின் உழைப்பை ஒருபோதும் இகழோம். இன்று நாம் கூற வந்தது அவர்தம் கூலியைப் பற்றியது. சனிக்கிழமை பட்டுவாடா முடிந்த மாலையிலேயே அதில் ஒரு பங்கு மதுக்கடைக்கும் மற்றொரு பங்கு கைபேசிச் சூதுக்கும் போய்விடுகிற இல்லங்கள் உண்டு. நம் சமூகத்து இல்லங்களிலும் இது புகாமலில்லை.

மதுவும் சூதும் நம் முன்னோர் விலக்கிய ஏழு வியசனங்களுள் அடங்கும். அவை எவ்வாறு வேரூன்றுகின்றன என்பதை நரம்பியல் ஓரளவு விளக்குகிறது. நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் உள்ளன. சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பார் குரங்குகளிடம் இவற்றை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவ்வணுக்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியபின், அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது வாளாவிருந்தன. அடையாளம் காட்டிச் சாற்றைத் தராவிடில், வழக்கமான துடிப்பும் அடங்கிற்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடே மூளைக்குப் பாடம் என்று 1997-இல் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோருடன் அவர் எழுதினார்.

புஸ்வாணம் பார்க்கும் குழந்தையைக் கவனியுங்கள். முதன்முறை பூ எழுந்தபின்தான் துள்ளும். பழகியபின், கருந்திரியில் பொறி பற்றியதுமே துள்ளும். குடிப்பவருக்கு அக்கடைத்தெருவே திரி. சூதாடுபவருக்குக் கைபேசியின் ஓசையே திரி. மது வேதிவழியாகவே டோபமைனைப் பெருக்குகிறது. சூதோ, வருமோ வாராதோ என்னும் ஐயத்தாலேயே ஆளைப் பிணிக்கிறது. விழைவு வளர வளர நுகர்ச்சி தேய்வதுதான் இதில் பெருங்கொடுமை. தன்னடக்கத்துக்குரிய முன்மூளை இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பதால், இளைஞர் எளிதில் அகப்படுகின்றனர்.

இதைக் கேட்டு, டோபமைனே கர்மம் என்று எவரும் சொல்லிவிட வேண்டா. அவசரப் பொருத்தம் அறிவியலுக்கும் ஆகமத்துக்கும் கேடு. பார்க்கின்சன் நோய்க்காக டோபமைனின் செயலைத் தூண்டும் மருந்து உண்டவருள் சிலர், முன்பு அப்பழக்கமே இல்லாதவர், சூதில் வீழ்ந்தனர். மருந்தைக் குறைத்ததும் பலர் மீண்டனர். ஆதலின், அடிமைப்பட்டவரைப் பாவி என்று ஒதுக்குமுன் நம் நாவைச் சற்று அடக்குவோம்.

இணையச் சூதுக்கு எதிராகத் தமிழகத்தில் 2023-இலும், நாடு முழுமைக்குமாக 2025-இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும் பழகிய மூளை வேறொன்றைப் பழக நாள் பிடிக்கும். இல்லறத்தாரின் சிக்ஷாவிரதம் என்பதற்குப் பயிற்சி விரதம் என்றே பொருள். அதனுள் அடங்கும் சாமாயிகத்துக்குரிய காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சனிக்கிழமை மாலையில், வேட்கை பற்றும் அதே வேளையில், குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். தவிப்பு எழும், எழுந்து தணியும்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். விரதம் என்று வீட்டில் அடைத்து வையாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடன் செல்வதும் வையாவிருத்தியமே. டெலி மனஸ் உதவி எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.