ஒன்றும் முப்பத்தொரு சுழியும்

பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. அதைச் சுற்றியுள்ள கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டினார்கள். அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1980 முதல், ஒரு முழு எண்ணும் சோதனைக்கு வந்தது. அந்த எண் 10³¹.

ஒன்றை எழுதி முப்பத்தொரு சுழி போட வேண்டும். கோடியைக் கோடியால் பெருக்கி, மறுபடி கோடியால், மறுபடியும் கோடியால் பெருக்கி, வந்ததை ஆயிரம் மடங்காக்கினாலும் இதே எண்தான்.

முதலில் எண்ணை எண்ணாகவே பார்ப்போம். 10 என்பது 2 × 5. ஆகவே இதற்குள் 31 இரண்டுகளும் 31 ஐந்துகளும் மட்டுமே உண்டு. வேறெந்தப் பகா எண்ணும் இதை மீதியின்றி வகுக்காது. 3ஆல் வகுத்தால் மீதி 1. இதன் காரணி ஒவ்வொன்றும் சில இரண்டுகளையும் சில ஐந்துகளையும் பெருக்கி வருவது. இரண்டுகளை 0 முதல் 31 வரை 32 விதமாக எடுக்கலாம், ஐந்துகளையும் அப்படியே. எனவே மொத்தக் காரணிகள் 32 × 32 = 1024. 32 இலக்க எண்ணின் உள்ளமைப்பு முழுவதையும் 31 என்ற அடுக்கு சொல்லிவிடுகிறது.

இயற்பியலுக்கும் இந்த அடுக்குதான் உதவியது. 1970களில் இயற்பியலாளர்கள் ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும், தனியாக ஜார்ஜியும் கிளாஷோவும், புரோட்டானும் ஒருநாள் சிதையும் என்ற கோட்பாடுகளை முன்வைத்தார்கள். புரோட்டானின் சராசரி ஆயுள் 10³¹ ஆண்டை ஒட்டி இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. பிரபஞ்சத்தின் வயதோ வெறும் 1380 கோடி ஆண்டு. ஒரு புரோட்டானைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது. ஆனால் ஆயுள் என்பது சராசரி. ஏராளமானவற்றைச் சேர்த்து வைத்தால் அவற்றில் ஏதோ ஒன்று இந்த ஆண்டே சிதையலாம்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் தங்கவயல் சுரங்கத்துக்குள் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை அமைத்தன. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை மேலிருந்த பாறை பெரும்பாலும் தடுத்தது. ஒரு கிராம் பொருளில் புரோட்டானும் நியூட்ரானுமாகச் சுமார் 6 × 10²³ துகள்கள். 140 டன் என்பது 1.4 × 10⁸ கிராம். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டினால் போதும்: 23 + 8 = 31. கிடைப்பது 8.4 × 10³¹. அணுக்கருவிலுள்ள நியூட்ரானும் இதே வேகத்தில் சிதையும் என்று கொண்டால், ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள். எண்ண முடியாத காலம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது.

சிதைவாக இருக்கக்கூடும் என்று சில நிகழ்வுகளைத் தங்கவயல் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. முக்கியமான ஒரு சிதைவு வழிக்கு ஆயுள் 10³⁴ ஆண்டுக்கும் மேல் என்று ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே கருவி இன்று சொல்கிறது.

அடுக்கில் கூடியது மூன்றுதான். ஆனால் வேண்டிய பொருளோ ஆயிரம் மடங்கு. ஆண்டுக்கு அதே எட்டுச் சிதைவுகளை எதிர்பார்க்க 140 டன் போதாது, 1,40,000 டன் வேண்டும். இல்லையேல் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் சூப்பர் கமியோகாண்டேயில் 50,000 டன் நீரோடு 1996 முதல் காத்திருக்கிறார்கள். கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆனால் காலத்துக்கு ஈடாகப் பொருளைக் குவிக்கும் அந்தக் கணக்கு, தங்கவயலில் போட்டபடியேதான் இன்றும் போடப்படுகிறது.