லைசென்ஸ் யாருக்காக?



2023 செப்டம்பரில் யூடியூபர் டிடிஎஃப் வாசன், காஞ்சிபுரம் பக்கம் சென்னை–பெங்களூரு ஹைவேயில் வீலிங் செய்யப்போய் விழுந்ததாக வழக்குப் பதிவாச்சு. அடுத்த மாசமே ஆர்டிஓ அவரோட லைசென்ஸை 10 வருஷத்துக்கு ரத்து செஞ்சாங்க. "பாவம், சின்னப் பையன், 10 வருஷமா? அடிபட்டது அவருக்குத்தானே?"ன்னு கேட்டவங்க உண்டு.

அந்த இரக்கம் தப்பில்ல. ஆனா அது பாதி இரக்கம். ஓட்டினவர் முகம் நமக்குத் தெரியும். அந்த நேரம் பக்கத்துல ஒருத்தர் வந்திருந்தா? அவர் முகம் யாருக்கும் தெரியாது. தடை போடுறது அந்த முகம் தெரியாதவருக்காகத்தான்.

லைசென்ஸ்ங்கிறது ரோட்டுல போற எல்லாரும் நம்மை நம்பிக் கொடுக்கிற பொறுப்பு. நம்பிக்கை போனா, பொறுப்பையும் திரும்ப வாங்கத்தான் செய்வாங்க.

திருப்போரூர் கந்தசுவாமியைக் கும்பிட்டுட்டு மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர்ல பறக்கிற தம்பிகளே! வண்டியில "யாமிருக்க பயமேன்" ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க. அந்த அபயம் நமக்கு மட்டுமா? கோவளத்துல கூடையோட ரோட்டைக் கடக்கிற மீன்கார அம்மாவுக்கும் சேர்த்துத்தானே? நம்ம வண்டியைப் பார்த்தே அவங்க பயந்தா, அந்த வாக்கை நாமளே பொய்யாக்குறோம்.

நிதானமா போங்க. வேலும் மயிலும் துணை.